மூன்று கோடு போட்ட தலையணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். என் மனைவி இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். இப்படியே விட்டால் கடைசியில் எனக்கு வாலும் முளைத்துவிடும். அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, "கண்ணாடியப் பாருங்க! பாத்துட்டுத் திருப்புங்க!" என்று கத்துவதுதான் வேலை. பதினாறு வருடம் கத்தியதில், உலகத்தில் யார் எதைச் செய்தாலும் அது தப்பு, எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு மனதில் ஊறிவிட்டது. வீட்டில் என் பெயர் பிரேக்கு. வைத்தது மனைவிதான்.

அவள் மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். எலும்பு, நரம்பு, தசை என்று உடம்புக்குள் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு பதிப்பகத்தில் சோதனை வேலை கிடைத்துப் போயிருந்தாள். மனதுக்குப் பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் நன்றி வணக்கம் என்று அவர்கள் ஏற்பாடு. அவள் கையில் இருந்த துருப்புச் சீட்டு ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடமாக, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், மனிதக் கையை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரைந்து வைத்திருந்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அத்தனையும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன.

வருடக் கடைசியில் காட்டினால் போதும் என்றிருந்தவர்கள், திடீரென்று திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மனைவி போன் செய்தாள். எங்கள் வீட்டு இணையம் ஒரு படத்தை அனுப்பவே அரை நாள் எடுத்துக்கொள்ளும். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எடுத்துத்தான் வைத்திருந்தாள். அந்த நகலை அழித்துவிட்டு அதில் என் ஓட்டுநர் வகுப்பு வீடியோக்களை ஏற்றியது யார் என்றும் கேட்காதீர்கள்.

"ஏங்க, கவனமா கேளுங்க. முழுப் பெட்டியும் வேணாம். பக்கவாட்டு மூடியத் திறந்தா உள்ள டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்கும். உள்ளங்கை அளவுதான். நாலு ஸ்க்ரூ. அதை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டு விமானம் ஏறுங்க."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் நான் கெட்டேன். ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரை நானும் அவளும் சேர்ந்து பாகம் பாகமாகப் பொருத்தினோம் என்று அக்கம்பக்கத்தில் ஐந்து வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அவள் பொருத்தினாள், நான் டார்ச் பிடித்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே உள்ளங்கை அளவில் ஒன்றல்ல, நான்கு சாமான்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஸ்க்ரூ. எல்லாவற்றிலிருந்தும் வயர். அவளுக்குப் போன் செய்து எது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் டார்ச் கதை வெளியே வந்துவிடும். இதுதான் என்று ஒன்றைத் தீர்மானித்து இரண்டு ஸ்க்ரூ கழற்றினேன். இரண்டாவது ஸ்க்ரூ கையிலிருந்து நழுவி அலமாரிக்கு அடியில் ஓடியது. முதல் ஸ்க்ரூவை எங்கே வைத்தேன் என்பதும் மறந்துபோயிற்று. மூடியைப் போட்டு மூடி, முழுப் பெட்டியையும் கொண்டுபோவதே உத்தமம் என்று முடிவு செய்தேன்.

முழுப் பெட்டி என்றால் அதற்குக் கட்டு வேண்டும். கட்டு என்றால் என் மாமனாரை விட்டால் ஆளில்லை.

மாமா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் பார்சல் கட்டும் பிரிவில் இருந்தவர். விளக்குக் கூண்டு, பூச்சாடி, கோப்பை என்று உடையக்கூடிய எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பியவர். அங்கே அவர் பெயரே வைக்கோல்தான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. கடையில் முட்டை வாங்கினால்கூட ஒரு தடவை பிரித்துத் திரும்பக் கட்டித்தான் எடுத்து வருவார். அத்தை போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். மகள் புது ஊருக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சாத நாளில்லை. "ஊரையே கட்டி அனுப்பினவன் நான். என்னை யாரும் கட்டி அனுப்ப வேணாம்" என்பார். விமானத்தில் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் "வானத்துல எனக்கு என்ன ஜோலி?" என்பார். அவ்வளவு பிடிவாதம்.

சனிக்கிழமை காலையில் ஊசி, நூல், டேப், பஞ்சு, சிவப்புப் பென்சில் எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"டிஸ்க்கு மட்டும் போதும்னுதானே பாப்பா சொல்லுச்சு?"

"அது நுட்பமான விஷயம் மாமா. தனியா எடுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போக வாய்ப்பு இருக்கு. முழுசா கொண்டுபோறதுதான் பாதுகாப்பு."

மாமா என் முகத்தையே பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே டக் டக் என்றது.

"ஏதோ ஆடுதே மாப்ள. ஆடுற சாமான் உடையாம போய்ச் சேராது. இதை இப்படி விட்டுட்டாங்களே, யாரு செஞ்ச வேலை?"

"புதுசுல இருந்தே அப்படித்தான் மாமா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்குப் புதிதல்ல.

அந்த நேரம் பார்த்து எனக்குப் போன் வந்தது. என்னிடம் கற்றுக்கொள்ளும் ஒரு பல் டாக்டர் தன் சொந்தக் காரை நான் இல்லாமலே எடுத்து, பின்னால் வருவதற்குப் பதிலாக முன்னால் போய், தன் வீட்டுக் கேட்டையே தள்ளிவிட்டிருந்தார். அரை மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் மாமா மூடியைத் திறந்து, யாருடனோ போனில் பேசி, என்னென்னவோ செய்து, மூடி, சின்னச் சின்னதாக நான்கு தலையணை தைத்து, கம்ப்யூட்டரின் நான்கு பக்கமும் வைத்து, தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பையில் போட்டுவிட்டார்.

"மாப்ள, இதை மட்டும் கேட்டுக்கோங்க. இந்தத் தலையணையில பாருங்க, மூணு கோடு..."

"சரி மாமா, சரி மாமா" என்றேன். டாக்டர் இன்னும் இணைப்பில் இருந்தார். கேட் யார் செலவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விமானம். மாமா வழியனுப்ப விமான நிலையம் வரை வந்தார். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டார். "வண்டி கேட்டைத் தாண்டுற வரைக்கும் கட்டினவன் நகரக் கூடாது மாப்ள" என்றார். எங்கேயோ படித்த சட்டம் மாதிரிச் சொன்னார்.

கவுண்டரில் இருந்த பெண் பையைத் தராசில் வைத்தாள்.

"சார், பதினொண்ணு இருக்கு. கையில எடுத்துட்டுப் போக பத்துதான். லக்கேஜ்ல போட்டுடலாமா?"

"லக்கேஜா? தூக்கி எறிவாங்களே! இதுல என் பெண்டாட்டியோட மூணு வருஷ உழைப்பு இருக்கும்மா!"

"அப்ப ஒரு கிலோ குறைங்க சார்."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். பையைத் திறந்தேன். குறைப்பதற்குத் தலையணையைத் தவிர வேறென்ன இருக்கிறது? நான்கையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தேன். மூன்று சும்மா பஞ்சு மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் கனத்தது. கல்லையா வைத்துத் தைத்தார் இந்த மனுஷர்? இதை ஒன்றை எடுத்தால் கணக்குத் தீர்ந்தது. அதன் மேல் சிவப்புப் பென்சிலால் மூன்று கோடு இழுத்திருந்தது. அழகுக்குப் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் அதைத் திணித்தேன். பாதிதான் உள்ளே போனது. தராசு பத்து காட்டியது. அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மாமா. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பிறகு மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். ஆட்டி ஆட்டிக் காட்டினார். வழியனுப்புவதில் இவ்வளவு உருக்கமா என்று எனக்கே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்கிறார் போலிருக்கிறது. நானும் மூன்று விரலை உயர்த்தி, ஆட்டி, சிரித்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது மாமாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன். "மாமா, வரிசையில நிக்கிறேன் மாமா, எல்லாம் நல்லபடியா ஆச்சு, நீங்க வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஒரு மனிதனுக்கு எத்தனை தடவைதான் போய்வருகிறேன் சொல்வது? போனை அணைத்துத் தட்டில் போட்டேன்.

சோதனைக்காரர் கம்ப்யூட்டரை வெளியே எடுக்கச் சொல்லி, மூடியைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இங்க ஒரு இடம் காலியா இருக்கே சார். துணி மடிச்சு வெச்சிருக்கு. ஏதோ சாமான் இருந்த இடம் மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். மடித்த துணியின் மேல் மூன்று சிவப்புக் கோடு. கழற்றப்பட்ட வயர் ஒன்று ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. நல்ல புத்தி உள்ளவன் அங்கேயே யோசித்திருப்பான்.

"அது காத்தோட்டத்துக்குங்க" என்றேன். "இந்த மாடல்ல அப்படித்தான் வரும். உள்ள சூடாயிடக் கூடாது இல்லையா?"

"காத்தோட்டத்துக்குத் துணி எதுக்கு சார்?"

"அதிர்வுக்கு" என்றேன், கண்ணிமைக்காமல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

விமானத்தில் பையை மேலே வைத்துவிட்டு, யார் தங்கள் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தாலும் "பாத்து! பாத்து! இடது பக்கம் இடம் இருக்கு பாருங்க!" என்று வழிநடத்தினேன். இறங்கும்போது ஓடுபாதையில் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோய்த் தன் காலை இழுத்துக்கொண்டார்.

மனைவி வாடகைக்கு இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. பத்துக் கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. கதவைத் திறந்தாள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறேன், கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஆனால் அவள் முகத்தில் ஒரு விதமான அடக்கிய சிரிப்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க, வாங்க. என்ன கொண்டுவந்தீங்க?"

"என்னவா? முழுக் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்திருக்கேன். ஒரு கீறல் இல்ல. கவுண்டர்ல ஒரு சண்டை, உள்ள ஒரு சண்டை. விட்டுக்குடுக்கலையே!"

"அடடா! டிஸ்க்கு மட்டும்தானே கேட்டேன்?"

"தனியா எடுத்தா ஆபத்து. உனக்குத் தெரியாது."

"ஓகோ. சரி, திறங்க. எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

மூடியைத் திறந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் உள்ளே இருந்த சாமான்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தொட்டு "இதோ" என்றேன்.

"அது மின்சாரம் வர்ற பெட்டிங்க. டிஸ்க்கு இருக்க வேண்டிய இடம் இது." மடித்த துணியைக் காட்டினாள். "மூணு கோடு போட்டிருக்கே, தெரியுதா? எங்க அப்பா என் சின்ன வயசுல இருந்து வீட்டுல எல்லாத்துலயும் இதைப் போடுவார். பள்ளிக்கூடத்துக்கு டப்பா ஒரு பையிலயும் மூடி இன்னொரு பையிலயும் போனா, ரெண்டுலயும் மூணு கோடு இருக்கும். ஜோடி பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். இதோட துணை வேற இடத்துல இருக்கு, சேர்க்காம விடாதேன்னு அர்த்தம். டிஸ்க்கு ஆடுச்சாம். ரெண்டு ஸ்க்ரூவைக் காணோமாம். அப்பா நேத்து எனக்குப் போன் பண்ணி, எதும்மா டிஸ்க்குன்னு கேட்டுக் கழட்டி, பஞ்சு சுத்தி, தனியா ஒரு தலையணையில வெச்சுத் தெச்சிட்டார்."

குப்பைக் கூடையில் பாதி நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தலையணை கண்முன் வந்தது. மாமாவின் மூன்று விரல் வந்தது. நான் திருப்பிக் காட்டிய மூன்று விரலும் வந்தது. ஐயோ! உலகத்திலேயே அவள் கேட்ட ஒரே ஒரு சாமானை எறிந்துவிட்டு, கேட்காததையெல்லாம் மூன்று மாடி சுமந்து ஏறி வந்திருக்கிறேன்.

"அந்தத் தலையணை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். குப்பையில போட்டீங்க."

"உனக்கு எப்படி..."

"அப்பா பத்து தடவை போன் பண்ணிட்டார். உங்க போன்தான் செத்துப்போச்சே!" இப்போது அவள் சிரிக்கவில்லை. "கூட்டிப் பெருக்குற அம்மாகிட்ட கண்ணாடி வழியா கையக் கூப்பிக் கெஞ்சி, அவங்க எடுத்துட்டு வந்து குடுத்திருக்காங்க. காவல்காரங்க விடலையாம். இவ்வளவு கனமா தலையணை எதுக்குன்னு கேட்டு, அவங்க முன்னாடியே நூலைப் பிரிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. அப்பா அங்கேயே நின்னு பிரிச்சு, காட்டி, திரும்ப அங்கேயே உக்காந்து தெச்சிருக்கார். ஊசி சட்டைப்பையிலயே இருக்குமே."

"அப்ப டிஸ்க்கு இருக்கா?"

"இருக்கு. இன்னிக்கு வேற விமானத்துல இடம் இல்லையாம். நாளைக்குக் காலைல முதல் விமானம். அப்பாவே கொண்டுவர்றார்."

"மாமாவா? விமானத்துலயா?"

"யார்கிட்டயும் குடுத்தனுப்ப மாட்டாராம். ஏற்கனவே ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாத்துட்டாராம்."

இந்த அடி எனக்குத் தேவைதான். வாங்கிக்கொண்டேன். ஆனால் அவள் அதற்குப் பிறகு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாள். "அப்பாவுக்கு எஸ்கலேட்டர்ல ஏறவே பயங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, விமானம் தாமதமாச்சுன்னா, எனக்கு இது போச்சு. அடுத்த ஆளுக்கு நாற்காலி தயாரா இருக்கு. மூணு வருஷங்க" என்றாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்குக் கேளுங்க" என்றாள்.

"அப்ப நான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வர வேண்டியதே இல்லன்னு உங்க ரெண்டு பேருக்கும் நேத்தே தெரியும்?"

"தெரியும். அப்பாதான் சொன்னார். மாப்பிள்ளை ஆசைப்படுறார், தூக்கிட்டுப் போகட்டும், விடும்மான்னு."

மறுநாள் காலை திட்டம் இதுதான். அவள் அலுவலகத்தில் காத்திருப்பது, நான் விமான நிலையம் போய் மாமாவைக் கூட்டி வருவது. விமானம் ஒன்பது இருபதுக்கு இறங்கியது. ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பெட்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள், குழந்தை தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவைக் காணோம். ஒன்பதரை ஆயிற்று. ஒன்பது நாற்பது. விமானச் சிப்பந்திகளே வெளியே வந்துவிட்டார்கள். என் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. எதை நிறுத்தப் பார்த்தது என்று தெரியவில்லை. மனைவியிடமிருந்து போன், "வந்துட்டாரா?" "வந்துட்டே இருக்கார்" என்றேன்.

ஒன்பது ஐம்பதுக்கு மாமா வந்தார். தனியாக. தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார். கையில் வேறு பை எதுவும் இல்லை.

"ஏன் மாமா இவ்வளவு நேரம்?"

"கடைசி ஆள் இறங்கினப்புறம்தான் இறங்கினேன். முண்டியடிச்சா சாமான் நசுங்கிடும். அப்புறம் அந்த ஓடுற படிக்கட்டு. அதுல ஏற மாட்டேன்னுட்டேன். கல்லுப் படிக்கட்டு எங்க இருக்குன்னு கேட்டு, சுத்திக்கிட்டு வந்தேன்."

"குடுங்க மாமா, நான் தூக்கிக்கிறேன்."

மாமா ஓரடி பின்வாங்கினார். "வேணாம் மாப்ள" என்றார், மரியாதையாக. "நானே வெச்சுக்கிறேன்."

டாக்சியில் நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்க்காமல் மூன்று தடவை திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. என் பதினாறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. மாமா தலையணையின் மேல் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பத்து ஐம்பதுக்கு அலுவலக வாசல். மனைவி தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் கத்தரிக்கோல். மாமா அதை வாங்கி, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தையலாக நறுக்கினார். "அப்பா, கிழிப்பா!" என்று அவள் குதித்தாள். "கிழிக்கிறவன் கட்டக் கூடாது" என்றார். பஞ்சுக்கு நடுவிலிருந்து அது வெளியே வந்தது. உள்ளங்கை அளவுதான். அவள் அதை வாங்கிக்கொண்டு, அப்பாவின் கன்னத்தை ஒரு கையால் பிடித்து ஒரு நொடி அழுத்திவிட்டு, படியேறி ஓடினாள். அதைப் பொருத்த உள்ளே நல்ல கம்ப்யூட்டர்கள் ஏழெட்டு இருந்தன என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நானும் மாமாவும் வாசல் படியில் உட்கார்ந்தோம். மடியில் காலித் தலையணை. மாமா உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கி உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மன்னிச்சுடுங்க. அந்த ரெண்டு ஸ்க்ரூவும் நான்தான் தொலைச்சேன். எது டிஸ்க்குன்னு எனக்குத் தெரியாது. நான் டார்ச்சுதான் பிடிச்சேன்."

"தெரியும் மாப்ள. டார்ச்சு கதையக் கல்யாணமான வருஷமே பாப்பா சொல்லிடுச்சு."

ஐந்து வருடமாக நான் இவரிடம் கம்ப்யூட்டர் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயமா இருந்துச்சா மாமா, மேல?"

"இருந்துச்சு. ரொம்ப." பஞ்சைத் திணிப்பதை நிறுத்தினார். "எங்க கம்பெனில ரொம்ப உசத்தியான சாமான் போனா, கட்டினவனே கூட லாரியில போகணும். தனியா அனுப்பக் கூடாது. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை கூட நான் அப்படி அனுப்பினதில்ல. மூணு மாசம் முன்னாடி பாப்பாவத்தான் அனுப்பிட்டேன். நீங்களாவது கூடப் போவீங்கன்னு பாத்தேன், உங்களுக்கு வகுப்பு இருந்துச்சு. எனக்கு வீம்பு இருந்துச்சு."

உண்மைதான். எனக்கும் வகுப்பைவிட வீம்புதான் அதிகம். நானும் குனிந்து பஞ்சைப் பொறுக்கினேன்.

பன்னிரண்டரைக்கு மனைவி வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

"நூத்திப் பன்னெண்டையும் பாத்தாங்க. அடுத்து கால் எப்ப வரையறீங்கன்னு கேட்டாங்க!" என்று சொல்லிவிட்டு, தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. மாமா மட்டும் "கையில எலும்பு அதிகமா, கால்லயா?" என்று கேட்டார். அவருக்கு அந்த மாதிரிச் சமயத்தில் ஏதாவது கணக்கு வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"உன் பை எங்கப்பா? மாத்துத் துணி கூட எடுத்துட்டு வரலையா? திரும்பிப் போக டிக்கெட் எப்போ?"

மாமா தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மறுபடியும் உள்ளே வைத்தார்.

"அவசரத்துல கிளம்பினேன். பை எல்லாம் எடுக்கலை. திரும்பிப் போற டிக்கெட்டும் எடுக்கலை" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "வீட்டப் பூட்டிட்டு, கதவுல மூணு கோடு போட்டுட்டு வந்தேன்" என்றார்.

மனைவிதான் முதலில் தேறினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளுக்கே உரிய அந்தச் சிரிப்போடு கேட்டாள்:

"பென்சில்லயாப்பா, பெயிண்ட்லயா?"

"பென்சில்தான்" என்றார் மாமா. "விடியக்காலைல பெயிண்டுக் கடை எங்க திறந்திருக்கு?"